இமெல்டாவின் அரை ஏக்கர்

இமெல்டாவின் கணவர் மலாக்கி இறந்தது மார்ச் மாதம். ஏப்ரலில் புல் எழுந்தது. அது கணுக்கால் உயரம் வருவதற்குள் அதை வெட்ட மூன்று ஆண்கள் வந்துவிட்டார்கள்.

மூவரும் பேசிவைத்துக்கொண்டு வரவில்லை. செவ்வாய்க்கிழமை பக்கத்துப் பண்ணைக்காரர் பேக்கி, தன் பழைய புல்வெட்டும் வண்டியில் அரியணையில் அமர்ந்ததுபோல அமர்ந்து, சாலையிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். வியாழக்கிழமை பள்ளிப் பேருந்து ஓட்டும் கஹல், காருக்குப் பின்னால் டிரெய்லரில் தன் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தான். சனிக்கிழமை டெஸ்ஸி வந்தான். மலாக்கியின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த ஆறு பேரில் அவன் ஒருவன். அதனால் தனக்கு மற்றவர்களைவிட ஒரு பிடி உரிமை அதிகம் என்று நினைத்தான்.

அயர்லாந்தில் லெய்ட்ரிம் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், சுற்றியுள்ளவர்கள் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்வார்கள். சாண்ட்விச் பத்து நாள் வரும். கேக் ஒரு மாதம் வரும். புல் வெட்டுவது மட்டும் நிற்காது. மேட்டுத் தெருவில் ஒரு விதவைக்குப் பத்தொன்பது வருஷமாக வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்; முதலில் வெட்ட ஆரம்பித்தவரே இறந்துபோய் இப்போது அவர் வீட்டுப் புல்லை வேறொருவர் வெட்டுகிறார்.

ஜூன் மாதத்தில் இமெல்டாவின் அரை ஏக்கருக்கு மூச்சுவிட நேரமில்லை. சனிக்கிழமை டெஸ்ஸி வெட்டியதைச் செவ்வாய்க்கிழமை பேக்கி வெட்டுவார். வெட்ட ஒன்றும் இருக்காது. ஆனாலும் வந்ததற்கு முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்.

இமெல்டாவுக்கு அந்தப் புல் வேண்டியிருந்தது. பள்ளி அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். மார்ச்சிலிருந்து அவள் கையிலிருந்த வேலையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிறர் கைக்குப் போய்விட்டது. நிலக்கரி வாளியைக்கூட யாரோ நிரப்பிவைத்தார்கள். உடம்பு அசந்து, இரவு படுத்ததும் தூங்கிப்போகும்படி வாரத்துக்கு ஒரு வேலையாவது தனக்கு வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மலாக்கி விட்டுப்போனவற்றில் அப்படிப்பட்டது ஒன்றுதான். அவருடைய புல்வெட்டும் வண்டி ஷெட்டில் நின்றது.

அவர் அதை அக்டோபரில் எப்படி நிறுத்தினாரோ அப்படியே இருந்தது. பெட்ரோல் வடிக்கப்பட்டு, அடித்தட்டில் ஒட்டியிருந்த காய்ந்த புல் சுரண்டப்பட்டு, பேட்டரி கழற்றி அலமாரியில் தனியாக. குறிப்புப் புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள் ஆணியில் தொங்கியது. அதை அவள் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்து, நாவலைப் படிப்பதுபோல முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள். பேட்டரிக்கு மின்னூட்டி மாட்டினாள். எண்ணெய்க் குச்சியைத் துடைத்து, நுழைத்து, எடுத்துப் பார்த்தாள். புதுப் பெட்ரோலை வாங்கிவந்து, ஷெட்டுக்கு வெளியே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே புனல் வைத்து ஊற்றினாள். எல்லாம் தயார். வெட்டத்தான் புல் இல்லை.

"நானே வெட்டிக்கறேனே, பேக்கி" என்று மே மாதமே சொல்லிப் பார்த்திருந்தாள்.

"அட, இதுல எனக்கென்ன சிரமம்."

"நெஜமாத்தான் சொல்றேன். வேண்டாம்."

"சரி சரி" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

சிக்கல் இதுதான். அந்த ஊரில் 'வேண்டாம்' என்பது பேச்சின் தொடக்கம். டீ வேண்டாம் என்பவருக்கு மூன்றாவது முறை கேட்டுவிட்டு ஊற்றுவார்கள். மூன்று 'வேண்டாம்' மரியாதை. நான்காவது சொன்னால் முகத்தில் அடித்தது போல. இமெல்டா கஹலிடம் மூன்று முறை சொன்னாள், டெஸ்ஸியிடம் மூன்று முறை சொன்னாள். மூவரும் அவளுடைய நல்ல வளர்ப்பை மெச்சிக்கொண்டு தொடர்ந்து வெட்டினார்கள். ஒரு வியாழக்கிழமை கேட்டைப் பூட்டிவைத்துப் பார்த்தாள். கஹல் அதைக் கீலோடு தூக்கி ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே வந்தான். போகும்போது கீலுக்கு எண்ணெயும் போட்டுவிட்டுப் போனான்.

ஜூலை இரண்டாம் ஞாயிறு, கல்லறை ஞாயிறு. வருஷத்துக்கு ஒருமுறை கல்லறைத் தோட்டத்திலேயே பூசை நடக்கும். ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகப் போய்த் தீர்த்தம் தெளிப்பார். டப்ளினிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் எல்லோரும் வந்து சேர்வார்கள். வருகிற வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலையும் பார்த்து மதிப்பெண் போட்டுக்கொண்டே வருவார்கள். அந்த வருஷம் பீடத் துணியைத் துவைத்துத் தேய்த்துத் தரும் முறை இமெல்டாவுடையது. பன்னிரண்டு அடி நீள லினன், ஓரமெல்லாம் பின்னல். அதற்கு முன் பத்து நாள் விடாத மழை; மூன்று வண்டியும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை நல்ல வெயில். வீட்டின் பக்கவாட்டில், புல்வெளி ஏரியை நோக்கிச் சரியத் தொடங்கும் இடத்தில் துணிக்கொடி இருந்தது. அதில் துணியை மாட்டி, கிளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பேக்கியின் வண்டிச் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பேக்கி" என்று துணிக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு ஊரே வருதே. ஒரு சுத்து சுத்திவிட்டுடறேன்."

மேலே புல்வெளியின் நடுவில் இரண்டு தோட்டத்து நாற்காலிகள் கிடந்தன. பேக்கி அப்போது செய்தது அந்தப் பக்கத்து மாட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். குளிர்காலத்தில் தனியாளாக மாட்டுக்குத் தீனி போடுகிறவர், டிராக்டரை ஆகக் குறைந்த கியரில் போட்டு, அது தானாக ஊர்ந்துகொண்டிருக்க, கீழே குதித்து, பின்னாலிருக்கும் டிரெய்லரிலிருந்து வைக்கோலை வீசிக்கொண்டே வருவார். தட்டையான வயலில், நாற்பது வருஷப் பழக்கத்தில், அது நடந்துவிடும். பேக்கி புல்வெட்டும் வண்டியிலும் அப்படியே செய்தார். முதல் கியரில் விட்டு, கத்தி சுழன்றுகொண்டிருக்க இறங்கி, முன்னால் போய் நாற்காலியை மடக்கினார். இரண்டாவது நாற்காலி மடங்கவில்லை. அதோடு அவர் மல்லுக்கு நிற்கையில் வண்டியின் முன்சக்கரம் எலி தோண்டிய மண்குவியல் ஒன்றில் ஏறி, திரும்பி, சரிவைக் கண்டுபிடித்துக்கொண்டது.

"இமெல்டா, தள்ளிப் போ" என்று பேக்கி கத்தினார்.

அவள் துணியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். ஆளில்லாத வண்டி இறங்கி வந்துகொண்டிருந்தது. பிடித்து நிறுத்தலாம் என்று ஒரு கணம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. குறிப்புப் புத்தகத்தின் ஏழாம் பக்கத்தில், ஓடும் வண்டியை ஒருவன் எட்டிப் பிடிக்கும் படம் இருந்தது, அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறியும் இருந்தது. பக்கவாட்டில் பத்து எட்டு மேடேறி நின்றுகொண்டாள். வண்டி கொடிக்கடியில் நுழைந்தது. காற்றில் எழுந்திருந்த துணி அந்த நேரம் பார்த்துத் தணிந்தது. கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. பன்னிரண்டு அடி லினனும் அடித்தட்டுக்குள் போனது. எஞ்சின் ஒரு முறை முனகி, தொண்டை அடைத்ததுபோல நின்றுவிட்டது.

ஏரிப் பக்கம் ஒரு நீர்க்கோழி கூப்பிட்டது. பேக்கி மூச்சிரைக்க ஓடிவந்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு காலும் இருந்தன. உடனே மண்டியிட்டு, துணியை இழுக்கத் தட்டுக்கு அடியில் கையை நுழைத்தார்.

"கையை எடு, பேக்கி."

"எஞ்சின்தான் நின்னுடுச்சே."

"எஞ்சின் நின்னுது. சாவி இன்னும் போட்டபடி இருக்கு. கையை எடு."

பள்ளியில் முப்பது வருஷம் பையன்களை வரிசையில் நிற்கவைத்த குரல் அது. பேக்கி கையை எடுத்துவிட்டார். இமெல்டா பிரேக்கைப் போட்டு, கியரை நடுவில் தள்ளி, சாவியை உருவி ஏப்ரனில் போட்டுக்கொண்டாள். மூடியைத் திறந்து ஸ்பார்க் பிளக்கின் கம்பியைப் பிடுங்கி ஓரமாகத் திருப்பிவைத்தாள்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"படிச்சேன். கத்தி இப்போ துணியை முறுக்கிப் பிடிச்சிருக்கு. துணி அறுந்தா அது திரும்பும். உன் விரல் அங்க இருந்தா அதையும் கூட்டிக்கிட்டுத் திரும்பும்."

சமையலறையிலிருந்து தடித்த கையுறையும் கத்தரிக்கோலும் கொண்டுவந்தாள். கை கத்திப் பக்கம் போகாத தூரத்திலிருந்து, ஒரு குச்சியால் இழுத்துப் பிடித்து, வெளியே வந்த துணியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தார்கள். வெளியே வந்தபோது அது பச்சையாகவும் கறுப்பாகவும் இருந்தது. அதைப் புல்லில் விரித்துவைத்தாள். பிறகு வண்டியின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் இருந்த சுவிட்சை யாரோ ஒரு துண்டுக் கம்பியால் கட்டிப்போட்டிருந்தார்கள்.

"இது என்ன?"

"அதுவா." பேக்கி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "சீட்டுல ஆள் இல்லைன்னா வண்டி நின்னுடும். பெரிய தொந்தரவு."

"அது நிக்கணும்னுதானே வச்சிருக்கான்."

"எல்லாரும் கட்டித்தான் வச்சிருக்கோம், இமெல்டா. கஹல் வண்டியில பாரு, டெஸ்ஸி வண்டியில பாரு."

"மலாக்கி?"

பேக்கி ஏரியைப் பார்த்தார். "அவன் கட்டலை. நாங்க கிண்டல் பண்ணுவோம். ஒரு சுள்ளி எடுக்க எறங்குவான், வண்டி நின்னுடும். மறுபடி ஏறி ஸ்டார்ட் பண்ணுவான். அடுத்த சுள்ளிக்கு மறுபடி எறங்குவான். ஏம்ப்பா இப்படி உயிரை வாங்கறேன்னா, எனக்கென்ன அவசரம்னு கேப்பான்."

இமெல்டா சிரித்துவிட்டாள். மார்ச்சுக்குப் பிறகு அவரைப் பற்றி யாராவது பேசி அவள் சிரித்தது அப்போதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இது பீடத் துணி, பேக்கி."

பேக்கி மறுபடி தொப்பியைக் கழற்றினார். "ஞாயித்துக்கிழமைக்கா?"

"ஞாயித்துக்கிழமைக்கு."

"கொலெட்டுக்குத் தெரிஞ்சா…"

கொலெட் மலாக்கியின் அக்கா. பீட சங்கத் தலைவி. இந்த வட்டாரத்தில் ஃபாதரே அவளைக் கேட்டுத்தான் மெழுகுவத்தி மாற்றுவார்.

"தெரியாது" என்றாள் இமெல்டா. "வண்டி தானா ஏரியைப் பாக்கக் கெளம்பினதும் யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு விஷயம்."

"சொல்லு."

"என் புல்லை நான் வெட்டிக்கறேன்."

"அட, இதுல எனக்கென்ன சிர…" பழக்கத்தில் வாய் தானாகத் தொடங்கியது. அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நெஜமாவா?"

"நெஜமா."

"மரியாதைக்குச் சொல்லலையே?"

"மரியாதையெல்லாம் மே மாசமே தீந்துபோச்சு."

பேக்கி புல்லில் கிடந்த துணியைப் பார்த்தார், ஏப்ரனைப் பார்த்தார். "கஹல்கிட்டயும் டெஸ்ஸிகிட்டயும் நான் என்னன்னு சொல்றது?"

"அது உன் பாடு. அந்தக் கம்பியையும் கழட்டிட்டுப் போ."

அவர் கழற்றினார். அவள் சாவியைக் கொடுத்தாள்.

மேசை விரிப்பு ஒன்று அலமாரியில் இருந்தது. கல்யாணத்துக்கு வந்தது. பெரிய மேசை வாங்கும்போது எடுக்கலாம் என்று நாற்பது வருஷமாகக் காத்திருந்தது. அன்று மத்தியானம் அதன் ஓரத்தைப் பீடத்தின் அளவுக்கு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது கொலெட் ஆப்பிள் டார்ட்டோடு வந்துசேர்ந்தாள். இமெல்டா துணியை மடியிலிருந்து நாற்காலிக்குக் கீழே நழுவவிட்டாள்.

"நரம்பு எப்படிடி இருக்கு?" என்று கொலெட் மெல்லிய குரலில் கேட்டாள்.

"எந்த நரம்பு?"

"எங்கிட்ட மறைக்காதே. பேக்கி கடையில சொன்னாரு. டாக்டரே எழுதிக் குடுத்துட்டாராமே, வாரத்துக்கு ஒரு தடவை நீ வண்டியில ஒக்காந்து புல் வெட்டணும்னு. அந்த அதிர்வு உடம்புக்கு நல்லதாமே."

இமெல்டா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மறுத்தால் பேக்கி பொய்யராவார். அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று வண்டியும் திரும்பி வரும். ஒத்துக்கொண்டால் ஊர் முழுக்க அவளுக்கு நரம்புத் தளர்ச்சி. அரை ஏக்கருக்கு அது பெரிய விலையில்லை என்று அவளுக்குப் பட்டது.

"ஆமா" என்றாள். "எழுதிக் குடுத்திருக்காரு."

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பனி காஞ்சப்புறம்."

கொலெட் தலையை ஆட்டிக்கொண்டு டார்ட்டை வெட்டினாள்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் புல் காய்ந்திருந்தது. இமெல்டா முதலில் அரை ஏக்கரையும் நடந்தாள். சுள்ளிகள், இரண்டு கல், ஒரு டென்னிஸ் பந்து, துணிக்கொடியடியில் ஏழு கிளிப்புகள் கிடைத்தன. தடித்த காலணி போட்டு, காதடைப்பான் மாட்டி, வண்டியில் ஏறினாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. மலாக்கி ஆறடி இரண்டு அங்குலம். இருக்கைக்குக் கீழே உள்ள நெம்புகோலைப் பிடித்து முன்னால் நகர்த்த வேண்டும். நெம்புகோலில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று பல் தள்ளி இருக்கை முன்னால் வந்து நின்றது. இப்போது எட்டியது.

வண்டி கிளம்பியது. இருபது அடி போய் ஒரு மேட்டில் குலுங்கியதும் நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினாள். மறுபடி நின்றது. நாலாவது முறைதான் புரிந்தது: இருக்கையின் ஸ்பிரிங் மலாக்கியின் எடைக்கு முறுக்கி வைக்கப்பட்டிருந்தது. அவள் குலுங்கி எழும்போதெல்லாம் அடியிலிருந்த சுவிட்ச், ஆள் விழுந்துவிட்டாள் என்று முடிவுகட்டிவிடுகிறது. சுவருக்கு அப்பால் பேக்கி தன் வயலில் எதையோ தேடுவதுபோலக் குனிந்திருந்தார்.

"ஒரு துண்டுக் கம்பி இருந்தா…" என்று எதையும் பார்க்காமல் சொன்னார்.

"வாயை மூடு, பேக்கி."

எஞ்சினை நிறுத்தி இறங்கி, இருக்கைக்குப் பின்னாலிருந்த திருகைக் கடைசிவரை தளர்த்தினாள். அதற்குப் பிறகு வண்டி அவளை ஆளாக ஏற்றுக்கொண்டது. மேல்தட்டை வெட்டிவிட்டுச் சரிவுக்கு வந்தாள். அந்த மூன்று ஆண்களும் சரிவைக் குறுக்கே ஓட்டிப் போவார்கள். வண்டி எப்போது கவிழுமோ என்று இருக்கும். அவள் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று நேராக ஓட்டினாள். கோடுகள் நேராக வரவில்லை. ஒன்று வளைந்தது, ஒன்று அடுத்ததை முட்டியது. முதுகு வலித்தது. வியர்வை காதடைப்பானுக்குள் இறங்கியது. அவளுக்குப் பாட வேண்டும்போல இருந்தது, பாடினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

பாதி முடிந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

கத்தியை நிறுத்தி, அடித்தட்டைத் தூக்கி, மெல்ல ஏறிவந்தாள். ஷெட்டின் கூரைச் சரிவுக்கடியில் வண்டியை வெளியிலேயே நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் ஆறும்வரை பக்கத்தில் நின்றாள். சூட்டோடு உள்ளே தள்ளிப் போர்வை போட்டு மூடுவது டெஸ்ஸியின் வழக்கம். அவன் ஷெட்டில் ஒரு சுவர் இன்னும் கறுப்பாக இருக்கிறது. கால் மணி நேரத்தில் மழை விட்டது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. ஆனால் புல் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. சாலையிலிருந்து பார்த்தால் புல்வெளி பாதி மொட்டையும் பாதி முடியுமாக, முடிதிருத்துகிறவன் பாதியில் எழுந்து போய்விட்ட தலைபோல இருந்தது. மறுநாள் ஊரே அந்த வழியாகப் போகப்போகிறது.

மூன்று மணிக்குள் டெஸ்ஸியின் கார் இரண்டு தடவை அந்தப் பக்கம் போய், இரண்டு தடவையும் வேகம் குறைந்து நகர்ந்தது. நாலு மணிக்குக் கஹல் தொலைபேசியில் வந்தான்.

"மழை விட்டுடுச்சே. நான் வேணா பத்தே நிமிஷத்துல…"

"டாக்டர் விடமாட்டாரு, கஹல்."

"அப்போ நாளைக்கு எல்லாரும் பாப்பாங்களே."

"பாக்கட்டும். ஈரச் சரிவுல நான் வண்டி எறக்கமாட்டேன். நீயும் எறக்காதே."

"டாக்டர் அதையும் சொன்னாரா?"

"உன்னைப் பத்தித் தனியாவே சொன்னாரு."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் காற்றில் படபடத்த பீடத் துணியைக் கொலெட் பூசை முழுக்க முறைத்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் நேராக வந்தாள்.

"அது நம்ம துணி இல்லையே."

"இல்ல. நம்மது கிழிஞ்சுடுச்சு."

"எப்படி?"

இரண்டு கல்லறை தள்ளி நின்ற பேக்கிக்கு இருமல் வந்தது.

"வயசாயிடுச்சு" என்றாள் இமெல்டா. "கை வச்சா வருது."

ஃபாதர் மலாக்கியின் கல்லறைக்கு வந்து தீர்த்தம் தெளித்தார். ஒரு துளி இமெல்டாவின் காலணியில் விழுந்தது. அதன் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்த புல்லைப் பார்த்துவிட்டு அவர் அடுத்த கல்லறைக்குப் போனார். தூக்கம் நன்றாக வந்திருந்தது அவள் முகத்தில் தெரிந்தது.

வீடு திரும்பியபோது டப்ளினிலிருந்து வந்திருந்த கொலெட்டின் மகன் ருவாரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றான். "அத்தே, சாவியைக் குடுங்க. பேருக்கு அந்தப் பாதியை இழுத்துவிட்டுடறேன். பாக்க நல்லாவே இல்ல."

இமெல்டா வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

"விடுப்பா" என்றார் பேக்கி. "அது அவ புல்லு. காஞ்சப்புறம் அவ வெட்டிப்பா."

"உங்களுக்குப் பாக்கச் சகிக்குதா?"

"சகிக்கலைதான். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து உக்காந்தேன். ஆனா விடு."

திங்கட்கிழமையும் மழை. செவ்வாய்க்கிழமை தூறல், பேக்கி அன்று முழுவதும் தன் வீட்டு உள்சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை பதினோரு மணிக்கு வெயில் தெளிந்து, மதியத்துக்குப் புல் உலர்ந்தது. அந்தப் பாதி இதற்குள் கணுக்காலைத் தாண்டி வளர்ந்திருந்தது. இமெல்டா அதை நடந்து பார்த்து, கத்தியின் உயரத்தை இரண்டு பல் ஏற்றிவைத்துக்கொண்டு, கிளப்பினாள்.

பேக்கி சுவரில் முழங்கை ஊன்றி, ஒவ்வொரு கோட்டையும் கண்ணால் அளந்துகொண்டு நின்றார். மூன்றாவது சுற்றில் அவர் ஒரு மூலையைக் காட்டி ஏதோ சொல்வது தெரிந்தது. வாய் நன்றாகவே அசைந்தது; கையும் அசைந்தது. காதடைப்பானுக்குள் எஞ்சினைத் தவிர எதுவும் கேட்கவில்லை. இமெல்டா அவருக்குக் கையை ஆட்டிவிட்டு, வண்டியைத் திருப்பி, நேராக மேடேறினாள்.